பானைக்குப் போன வேர்

ஜனவரி 27, திங்கள்

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. சுரங்கத்தை மூடின வருஷத்து டைரி. மார்ச் மாதமே கேட்டைப் பூட்டிவிட்டார்கள், டைரிக்கு மட்டும் டிசம்பர் வரைக்கும் ஆயுசு இருந்தது. பன்னிரண்டு வருஷம் பீரோவில் கிடந்தது. அச்சடித்த கிழமையெல்லாம் தப்பு. அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

கல்லூரியிலிருந்து இங்கே திட்டம் நடத்த வந்திருக்கிற ஜெசிந்தா மேடத்துக்கு எழுதுகிற நோட்டு வேறு. அதில் மழை, தண்ணீர், எடை மூன்றும்தான் இருக்க வேண்டும். "நம்பர் மட்டும் போதும் சார், அபிப்பிராயம் வேண்டாம்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். அபிப்பிராயத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? அதற்குத்தான் இது.

இன்றைக்கு வேர் எடுக்க ஆரம்பித்தோம். வயதாகிறது, மறந்துபோகும், அதனால் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி ஊருக்குக் கிழக்கே குன்று மாதிரி ஒரு கரடே எழும்பிவிட்டது. குரோமியம், நிக்கல் எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. மழை பெய்தால் கீழே இருக்கிற கிணறுகளில் இறங்குகிறது. அதில்தான் கல்லூரிக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு பாத்தி கட்டி வெட்டிவேர் நட்டார்கள். மேலே பார்த்தால் புல். வேர் மண்ணுக்குள் ஆள் ஆழத்துக்கு இறங்கும். மண்ணில் இருப்பதை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். தூரோடு தோண்டி, வேரை நறுக்கி, அலசிக் காயவைத்து, எடை போட்டு மூட்டை கட்டினால் கல்லூரி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதற்கென்று ஒரு சூளை இருக்கிறதாம், அங்கே எரிப்பார்கள். தூரைப் பிரித்து மறுபடி நட வேண்டும்.

இப்படி எத்தனை தடவை என்று மேடத்தைக் கேட்டேன். "இருபது வருஷம் ஆகலாம் சார்." எனக்கு ஐம்பத்தெட்டு. சுரங்கத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவனுக்கு மேட் என்று பெயர். பதினாறு வருஷம் மேட்டாக இருந்து, லாரி லாரியாக அங்கே கொட்டச் சொன்னவன் நான்தான். ஊரில் இன்னும் என்னை யாரும் வையாபுரி என்று கூப்பிடுவதில்லை, மேட்டுதான்.

'வேரைத் தொடாதீர்கள், எடுத்துச் செல்லாதீர்கள், இதில் நச்சு உள்ளது' என்று எழுதின போர்டு வந்துவிட்டது. அதை நடுவதற்கு இரும்புக் கம்பம் வரவில்லை. ஷெட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வினோதினிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சம்பந்தி வீட்டார் இருபது பேர் என்றார்கள், நாற்பது பேர் வந்தார்கள். தக்காளிச் சாதம் பற்றாமல் போய் என் வீட்டுக்காரி அமராவதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாதத்தை நான் தின்றுவிட்ட மாதிரி. மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். பிரசவம் வரைக்கும் இங்கேதான். இரண்டு கையும் நிறைய வளையல். தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் சத்தம் கேட்கிறது. வீடு வீடாக இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் காய்ந்த வேர் 23 கிலோ 400. இன்று காலை மூட்டை கட்டும்போது 22 கிலோ 900. ஈரம் போயிருக்கும். நோட்டில் 'ஈரம், 500 கிராம்' என்று எழுதினேன்.

வேர் நறுக்குகிற வேலை நல்லம்மாவுக்கு. சுரங்கக் காலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள். அரிவாளைக் காலில் இடுக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு தூர் பார்த்துவிடுவாள். வாய் மட்டும் ஓயாது. சாயங்காலம் போகும்போது முந்தானை முடிச்சு புடைத்துக்கொண்டிருந்தது. வெற்றிலையாக இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

ஈரம், 700 கிராம். கம்பம் வரவில்லை. முட்டி வலி.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேலை இல்லை. மதியம் கறிக்குழம்பு. அமராவதி மண்பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள், வெட்டிவேர் வாசம். ஜில்லென்று நெஞ்சு வரைக்கும் இறங்கியது. வினோதினி ஒரு நாளைக்கு இரண்டு சொம்பு, மூன்று சொம்பு குடிக்கிறாளாம். "அப்பா, இந்தத் தண்ணி மட்டுந்தாம்பா கொமட்டாம எறங்குது" என்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு ஏதோ ஒன்றாவது பிடித்தால் சரி.

வேரை எங்கே வாங்கினாள் என்று அமராவதியை நான் கேட்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

மார்ச் 5, புதன்

சென்னையிலிருந்து நான்கு பேர் பார்வையிட வந்தார்கள். எல்லோருக்கும் இளநீர் வெட்டியது நான். ஜெசிந்தா மேடம் என்னைக் காட்டி, "இந்தத் திட்டம் நடக்கக் காரணமே வையாபுரி சார்தான்" என்றார். அந்தக் கதையையும் சொன்னார்.

எனக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊர்க்கூட்டத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடு மேய்கிற இடத்தில் என்னத்துக்குப் புல் நடுகிறீர்கள் என்று ஒரே கூச்சல். மேடம் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார், கொட்டாவிதான் வந்தது. அப்போது நான் எழுந்து, "ஏம்ப்பா, வெயில் காலத்துல பானையில வெட்டிவேரு போடறமே, எதுக்கு? தண்ணி சுத்தமாகும்னுதான? அதே மாதிரிதான் இது மண்ணச் சுத்தம் பண்ணுது. அவ்வளவுதான் விசயம்" என்றேன். ஒரே பேச்சு. கூட்டம் அடங்கிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் பச்சியண்ணன், "இத அந்தம்மா மொதல்லயே சொல்லிருக்கலாமே" என்றார்.

வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தர் எழுதியும் கொண்டார். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்தான், பொய் சொல்வானேன்.

மார்ச் 12, புதன்

ஈரம், ஒரு கிலோ 100. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இன்று பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி போயிருக்கலாம், தார்ப்பாயை எடுக்க நேரே அவள் முன்னால் போய் நின்றுவிட்டேன். நல்லம்மா இரண்டு கைப்பிடி வேரைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை.

"என்ன நல்லம்மா இது?"

"என்னண்ணே இது ஒரு கேள்வி? இம்புட்டு வாசமான வேரக் கொண்டுபோயி நெருப்புல போடறாங்களே, அடுக்குமா? நாலு வீட்டுப் பானைக்கு ஆகட்டுமேன்னுதான்."

"எந்த நாலு வீடு?"

"எங்க வீடு, பச்சியண்ணன் வீடு, மேலத்தெருவுல ரெண்டு வீடு. உங்க வீட்டுக்குந்தான் குடுக்கறேன். அமராவதிக்கா சொல்லலியா?"

"ம்" என்றேன்.

தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். களைப்பு. அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அலசித்தானே காயவைக்கிறோம், ஆயிரம் வருஷமாகப் பானையில் போடுகிற வேர்தானே என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு சும்மா இருந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஈரம், 900 கிராம்.

மார்ச் 27, வியாழன்

மேடம் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஆய்வுக்கூடத்துத் தாள். "சார், சூப்பர் ரிசல்ட்! போன வருஷம் சாம்பிளுக்கு எடுத்த வேரை விட மூணு மடங்கு குரோமியம் இழுத்திருக்கு. நாம ஜெயிச்சுட்டோம் சார்." அவரை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாவம், நாகர்கோவிலிலிருந்து வந்து இந்தப் பொட்டல் காட்டில் மூன்று வருஷமாக வேகிறார். எனக்கும் ஒரு மைசூர்பாகு கொடுத்தார்.

மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "மேடம், இந்த வேர யாராச்சும் குடிக்கிற தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"யாரு போடப் போறாங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"எவ்வளவு இறங்கும்னு நாங்க அளந்து பாத்ததில்ல சார். ஆனா குடிக்கவே கூடாது. அதுவும் சின்னக் குழந்தைங்க, கர்ப்பிணிங்கன்னா யோசிக்கவே வேண்டாம். அதுக்குத்தான போர்டு எழுதினோம். போர்டு வச்சாச்சுல்ல?"

"கம்பம் வரல மேடம்."

"ஐயோ, நான் மறந்தே போயிட்டேன்" என்று போனில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். வினோதினி நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் சொம்பு. மைசூர்பாகை அவளிடம் கொடுத்தேன். தின்றுவிட்டு அதன்மேல் தண்ணீர் குடித்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பானை உடைந்துவிட்டது. கை தவறியது.

"இருபது வருசமா வெடி வெச்ச கை, ஒரு பானையப் புடிக்க முடியலியா?" என்று அமராவதி கேட்டாள். வேரைப் பொறுக்கிக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் வீசினேன்.

மார்ச் 30, ஞாயிறு

சந்தையில் புதுப் பானை வாங்கி வந்துவிட்டாள். பழையதைவிடப் பெரிசு. புது வேரும் போட்டாகிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

வினோதினிக்கு இனிமேல் காய்ச்சின தண்ணீர்தான் என்று சொன்னேன். டாக்டர் சொன்னார் என்றேன்.

"எந்த டாக்டரு? செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனது நானு. உங்ககிட்ட எப்ப வந்து சொன்னாரு?" என்றாள் அமராவதி.

"பேப்பர்ல போட்டிருந்தான்."

"இந்த வெயில்ல புள்ளத்தாச்சிய சுடுதண்ணி குடிக்கச் சொல்ற டாக்டர, பேப்பர்ல இல்ல, செயில்ல போடணும்."

கேன் தண்ணீர் ஒன்று வாங்கி வைத்தேன். பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கிறது, குமட்டுகிறது என்று வினோதினி தொடவே இல்லை. காலையில் யாரும் எழும் முன்னால் பானைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேரை எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பினேன். வேர் எங்கே என்று தேடினார்கள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். வெட்டிவேர் தின்கிற எலியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்று இருவரும் சிரித்தார்கள். மதியம் நான் திரும்பி வருவதற்குள் வேறு வேர் போட்டிருந்தார்கள். ஒரு தகர டப்பா நிறைய வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

நல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே வேர் எடுக்காத. மேடம் கண்டுபுடிச்சா உனக்கும் வேல போயிடும், எனக்கும் போயிடும்."

"அதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கீங்க ஒரு வாரமா? சரிண்ணே, எடுக்கல."

நிஜமாகவே நிறுத்திவிட்டாள். இரண்டு எடையும் இன்று ஒன்றாக இருந்தன. வேலை போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் சொல்ல வேண்டிய உண்மை அது இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றாவது எழுதுகிறேன். எழுதினால் சொல்ல வந்தாலும் வரும்.

வெட்கமாக இருக்கிறது. பயம் இரண்டாவது, வெட்கம்தான் முதலாவது. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வேர் என்ன செய்யும் என்று முதல் வருஷமே மேடம் படம் போட்டுக் காட்டினார். விஷத்தை அது அழிக்காது, இடம் மாற்றும், அவ்வளவுதான் என்றார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், நான் விடவில்லை. தெரிந்துதான் பானை உதாரணத்தைச் சொன்னேன். அப்போதைக்குக் காரியம் ஆக வேண்டும். காரியம் ஆயிற்று.

இப்போது வாயைத் திறந்தால் வினோதினி பயப்படுவாள். எட்டரை மாதம். சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அமராவதி என்னை மன்னிக்கமாட்டாள். ஒன்றுமே ஆகவில்லை என்றாலும் மன்னிக்கமாட்டாள். தினமும் விடியும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுகிறேன். காப்பி வருகிறது, குடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன். டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேரை எடுத்து வெளியே போடுகிறேன். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பானையில் போடுகிறார்கள். வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்ததாம் என்பார்கள். உடைக்க வேண்டிய தாழியைத்தான் என்னால் உடைக்க முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்கு மாரியம்மன் கோயில் முன்னால் தண்ணீர்ப்பந்தல் திறக்கிறார்கள். வருஷப் பிறப்பு, மாவிளக்கு எல்லாம் சேர்ந்து வருகிறது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள்.

சாயங்காலம் நல்லம்மா வீட்டுப் பக்கம் வந்தாள். மஞ்சள் பூசிக் குளித்த முகம். "அண்ணே, வீட்டுல ரெண்டு மாசமா சேத்து வெச்சிருந்த வேரெல்லாம் ஆத்தா பந்தலுக்குக் குடுத்துட்டேன். வேல போயிடும்னு சொன்னீங்கள்ல, வீட்டுல வெச்சிருந்தாத்தான பயம்? சாமிக்குன்னா யாரு கேப்பாங்க?"

"எவ்வளவு?"

"மூணு கட்டு இருக்கும். நாலு பானைக்கும் தாராளமா வரும்."

மேடத்துக்கு போன் பண்ணினேன். ஊருக்குப் போய்விட்டார் போல, எடுக்கவில்லை. பச்சியண்ணன் வீட்டுக்குப் போனேன், பந்தல் வேலையில் இருக்கிறார் என்றார்கள். பந்தலுக்குப் போனேன். பத்துப் பேர் கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள். "வா மேட்டு, ஒரு கை புடி" என்றார்கள். பிடித்தேன். ஒரு மணி நேரம் கீற்றுப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், நாளைக்கு எனக்கே வேறு மாதிரி தோன்றும்.

பத்து மணிக்குப் போனேன். மணல் பரப்பி நான்கு பெரிய பானை, வாய்க்குச் சிவப்புத் துணி, வேப்பிலை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் கயிற்றில் கட்டிய வேர்க்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூசாரி தீபாராதனை காட்டி முடித்தார். பச்சியண்ணன் அகப்பையைக் கையில் எடுத்தார். வரிசையில் முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு டம்ளரோடு. மாவிளக்கு வரிசையில் அமராவதி நின்றாள். வினோதினி வீட்டில் இருந்தாள், அந்த மட்டும் சரி.

"பச்சியண்ணே, அந்தத் தண்ணிய யாருக்கும் ஊத்தாதீங்க."

"ஏன் மேட்டு, பல்லி கில்லி விழுந்துருச்சா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது கரட்டு வேரு."

"தெரியுமே. நல்லம்மா குடுத்துச்சு. நம்ம ஊருல வெளஞ்சது, ஆத்தாவுக்கு ஆகட்டும்."

"அது வெசம்ணே."

சிரிப்பு நின்றது. பச்சியண்ணன் அகப்பையைத் தாழ்த்தவில்லை. "இந்தா, ஊருக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு நீதானப்பா சொன்ன? பானையில போட்டா தண்ணி சுத்தமாகற மாதிரின்னு? ரெண்டு வருசமா சுத்தம் பண்ற செடி, இன்னிக்கு வெசமா?"

"தப்பாச் சொல்லிட்டேன். வெளக்கமாறு வீட்டச் சுத்தம் பண்ணுது. அதுக்காகச் சோத்துப் பானைக்குள்ள வெளக்கமாத்தப் போடுவமா? மண்ணுல இருந்த அழுக்கெல்லாம் அந்த வேருக்குள்ளதான் உக்காந்திருக்கு. அதனாலதான் எரிக்கக் கொண்டுபோறாங்க."

யாரோ பின்னாலிருந்து, "அந்தம்மா வேற ஆளுக்கு விக்கறதுக்கு இப்படி ஒரு கதை" என்றார்கள். "வருசா வருசம் சாமி காரியத்துக்குக் குறுக்க ஒருத்தன் வந்துருவான்" என்றார் இன்னொருத்தர். பச்சியண்ணன் முகம் சுருங்கிப் போயிருந்தது. அவர் வீட்டுப் பானையும் ஞாபகம் வந்திருக்கும், நம்புவதற்கு அவருக்கு மனசில்லை. முதல் பிள்ளையின் டம்ளரை நோக்கி அகப்பையைக் கொண்டு போனார்.

அப்போது சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"எம் பொண்ணு ரெண்டு மாசமா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா. வயித்துப் புள்ளையோட. எனக்கு நல்லாத் தெரிஞ்சு பதினெட்டு நாளாச்சு. வாயத் தொறக்காம இருந்தேன். இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

அகப்பை நின்றது. நல்லம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அமராவதியைப் பார்க்கவில்லை, அவள் கால்களைத்தான் பார்த்தேன். அந்தக் கால்கள் வந்தன. மாவிளக்குத் தட்டைப் பந்தல் ஓரத்தில் இறக்கி வைத்தாள், விளக்கு அணையாமல் பார்த்து. பிறகு முதல் பானையின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்தாள். பெரிய பானை, ஒரு ஆளால் ஆகாது. நல்லம்மா ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். நான்கையும் கொட்டினார்கள். மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வினோதினியிடம் அவள்தான் சொன்னாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே வளையல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று மதியம் போனில் சொன்னதும், மேடம் நாகர்கோவிலில் ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அன்னைக்கு சும்மாதான் கேட்டேன்னு சொன்னீங்களே சார், அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கம்பம் நான் வாங்கிக் குடுத்திருக்கணும்" என்றார். வினோதினியைச் சேலத்துக்கு அழைத்துக்கொண்டு போய் ரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுக்க வைத்தார். எங்கள் வீட்டுப் பானைத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். நல்லம்மாவுக்கும், பச்சியண்ணன் வீட்டுக்கும், மேலத்தெரு இரண்டு வீட்டுக்கும் அதே பரிசோதனை.

எனக்கு வேலை இருக்குமா என்பதைக் கல்லூரி சொல்லும். அதுவரைக்கும் வரச் சொன்னார்.

போர்டை எடுத்து வேப்பமரத்தில் கம்பி வைத்துக் கட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. ஜனவரியிலும் அந்த வேப்பமரம் அங்கேதான் நின்றது.

ஏப்ரல் 19, சனி

ஈரம் என்று நான் எழுதினதையெல்லாம் கூட்டினேன். 11 கிலோ 200.

நானும் நல்லம்மாவும் சாக்கோடு வீடு வீடாகப் போனோம். அவள் கொடுத்தது நாலு வீடு. அவர்கள் கொடுத்தது இன்னும் ஒன்பது வீடு. நல்ல பொருள் என்றால் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்கிற ஊர். துணிப் பீரோவில் பூச்சி வராமல் இருக்க வைத்திருந்தார்கள், தலையணைக்குள் வைத்திருந்தார்கள், ஒரு வீட்டில் தொட்டிலில் கட்டியிருந்தார்கள். நல்லம்மா ஒவ்வொரு வாசலிலும், "நாந்தான் குடுத்தேன், நானே வாங்கிக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள். எப்போதும் ஓயாத அந்த வாய், இரண்டு வீட்டுக்கு நடுவில் பேசவே இல்லை. கடைசி வாசலில் மட்டும் என்னிடம் கேட்டாள்.

"வேல போயிடும்னு சொன்னீங்களேண்ணே. வெசம்னு சொல்லிருந்தா ஆத்தாவுக்குக் குடுத்திருப்பனா?"

சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

முருங்கை மரத்தடியில் நான் வீசினதையும் தேடி எடுத்தேன். பந்தல் வேரும் உலர்ந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டேன். 9 கிலோ 750. மீதி ஒரு கிலோ 450 எங்கே என்று தெரியவில்லை. நோட்டில் 'ஈரம்' என்று எழுதப் பேனா தானாகப் போயிற்று. அடித்துவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுதினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

முடிவு வந்தது. பானைத் தண்ணீரில் குரோமியம் இருந்தது. "ரொம்ப இல்ல சார். ஆனா இருக்கவே கூடாத இடத்துல இருந்திருக்கு" என்றார் மேடம். வினோதினி ரத்தத்தில் பயப்படுகிற அளவு இல்லை என்று டாக்டர் சொன்னாராம். பிள்ளை பிறந்த பிறகும் பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அதே பேச்சுதான். பயமில்லை என்று சொன்னார்கள், பயப்படாதே என்று யாரும் சொல்லவில்லை.

அமராவதி சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள். தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை. நானே மொண்டு குடிக்கிறேன். முப்பது வருஷத்தில் எனக்கு டம்ளர் இருக்கும் இடம் இப்போதுதான் தெரிந்தது.

வேலை இருக்கிறது என்று கல்லூரி சொல்லிவிட்டது. நல்லம்மாவுக்கும் இருக்கிறது. இனி எடை இரண்டு பேர் கையெழுத்தோடு.

மே 2, வெள்ளி

காலை ஆறு இருபதுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். எடை இரண்டு கிலோ அறுநூறு. நர்ஸை இரண்டு தடவை கேட்டேன். "தாத்தா, இது தங்க எடையா, திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? நல்ல எடைதான்" என்றாள்.

பத்து விரலையும் எண்ணினேன். கால் விரலையும் எண்ணினேன். அதிலெல்லாம் ஒன்றும் தெரிந்துவிடாது என்று எனக்குத் தெரியும்.

மதியம் உள்ளே விட்டார்கள். வினோதினி படுத்திருந்தாள், அமராவதி தலைமாட்டில். ஆஸ்பத்திரிக் குழாயில் பிடித்த தண்ணீரை ஆயா ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். மகளுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. வாங்கினாள், வாய் வரைக்கும் கொண்டுபோனாள், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கேட்கிற மாதிரி. அமராவதியும் என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் குழாயைப் பற்றி என்ன தெரியும்? டம்ளரை வாங்கி இரண்டு மடக்கு குடித்தேன். டம்ளரை மகளிடம் நீட்டினேன். பிறகு அவள் வாங்கிக் குடித்தாள்.